சாவி இருந்த இடம்

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது.

அதுவரை கேட்காத சத்தங்கள் காருக்குள் கேட்கத் தொடங்கின. டயருக்குக் கீழே நொறுங்கும் சரளைக்கல். கதவு இடுக்கில் நுழையும் காற்று. பின் சீட்டில் நாங்கள் நோர்வூட் பேக்கரியில் வாங்கி வைத்திருந்த பாண் பை, காரின் ஆட்டத்துக்கு ஏற்ப உரசும் சத்தம். வலது பக்கம் முனியாண்டி கோயிலின் சூலங்கள், குத்தியிருந்த எலுமிச்சம்பழங்களோடு மெதுவாக நகர்ந்து போயின.

முதல் வளைவில் அப்பா பிரேக்கை மிதித்தார். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாவது வளைவில் மிதித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது. மூன்றாவது வளைவுதான் பெரியது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கீழே லயங்கள்வரை சரியும் தேயிலை. அங்கே மிதித்தபோது அவருடைய தோள்கள் மேலே எழும்புவதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முதுகை சீட்டில் அழுத்தி மிதித்தார்.

"புள்ள, நிக்கல," என்றார். வெயில் அடிக்கல என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

கார் நின்றதா என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை கொண்டுவரும் கார்

அது ஒரு மொரிஸ் மைனர். நம்பர் பிளேட்டில் ஸ்ரீ எழுத்து போட்ட காலத்துப் பழைய நம்பர். எனக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் மூத்தது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், டீமேக்கராக இருந்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அப்பா அதில் வாடகைக்கு ஹயர் ஓடினார். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தாள். எங்கள் வீடு அம்மாவுக்குத் தோட்டம் கொடுத்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு. காருக்கு மட்டும் லயத்துக்குப் பக்கத்தில் அப்பாவே தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டினார். எங்கள் வீட்டுக் கூரையைவிட அந்தக் கூரைதான் ஒழுகாது. அம்மா இதை வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவாள்.

தோட்டத்தில் எங்கள் டிவிசன் பள்ளத்தில் இருக்கிறது. நோர்வூட் பக்கமிருந்து வந்தால் பெரிய ரோட்டை விட்டு விலகி, ஒரு மேடு ஏறி, கோயில் முடக்கில் திரும்பி, அங்கிருந்து ஒரே இறக்கமாக லயம்வரை இறங்க வேண்டும். ஆட்டோக்கள் வந்தபிறகு ஹயர் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை பெற்றவளை வீட்டுக்குக் கொண்டுவருவது.

"ஆட்டோவுல பனிக்காத்து அடிக்கும். ராசு அண்ணன் கார சொல்லு," என்பார்கள்.

கண்ணாடிகளை ஏற்றி, பின் சீட்டில் ஒரு கம்பளியை விரித்து, அப்பா அவ்வளவு மெதுவாக ஓட்டிவருவார். நானும் அப்படி வந்தவள்தான். எங்கள் லயத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்.

அந்த இறக்கத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. முனியாண்டிக்கு இரைச்சல் ஆகாது என்று சொல்லி, எல்லா டிரைவர்மாரும் கோயில் முடக்கில் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அங்கிருந்து லயம்வரை வண்டி தானாக உருண்டு வரும். சாமிக்காக அணைக்கிறோம் என்பார்கள். பெட்ரோலுக்காகத்தான் என்பது சாமிக்கும் தெரியும். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் பக்தி இன்னும் கூடிப்போய், மேட்டின் உச்சியிலேயே அணைக்கத் தொடங்கினார்கள்.

கால்

அப்பா மழை நாளில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்ததையும், வலது முழங்காலில் நடந்த சத்திரசிகிச்சையையும் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு அதன் முடிவு மட்டும் போதும்: கால் மடங்கியது, நடந்தது, வலி போனது. பழைய பலம் வரவில்லை. பலம் வராமல் அந்தக் காரின் பிரேக்கை மிதிக்க முடியாது. அந்தக் காலத்துப் பிரேக். டிரைவரின் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் நிற்கும். புதுக்கார் ஓட்டிப் பழகியவர்கள் அதில் ஏறினால் முதல் சந்தியிலேயே பயந்துவிடுவார்கள்.

கார் கொட்டகையில் நின்றது. கொழும்பிலிருந்து ஒருவர் போன் பண்ணத் தொடங்கினார். பழைய கார்களைச் சேர்ப்பவர். முன்பு ஒருமுறை நுவரெலியா போகும் வழியில் எங்கள் காரைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார். அவருக்குப் பிடித்தது அதன் டேஷ் போர்டு. நடுவில் ஒரே வட்ட மீட்டர், அதற்குக் கீழே சாவி, இழுக்கும் குமிழ்கள் எல்லாம் கம்பனி போட்டபடி அப்படியே இருந்தன.

"எஞ்சின் பக்கம் என்ன வேணும்னாலும் செய்ங்க, நான் திரும்ப மாத்திக்குவேன். டேஷ் போர்டுல மட்டும் கைய வச்சிராதீங்க. அதுல ஒரு ஓட்டை விழுந்தாலும் எனக்கு வேணாம்," என்று என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அப்பாவும் தெளிவாகத்தான் இருந்தார்.

"என்னால ஓட்ட முடிஞ்சா வச்சிக்கிறேன். முடியலன்னா குடுத்துருவேன். நிப்பாட்டி வச்சு தொடச்சுத் தொடச்சுப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு ஏலாது."

நிற்பது முதலில்

நான் அப்போது கண்டியில் ஹைபிரிட் கார்கள் பழுதுபார்க்கும் ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான். மோட்டார் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டுச் சேர்ந்தது. லீவு கிடைத்த வாரங்களில் வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தேன். கையில் இருந்த காசு எல்லாவற்றுக்கும் போதாது என்பது முதல் நாளே தெரிந்தது. அதனால் வேலைகளை மூன்றாகப் பிரித்தேன்.

முதலில், நிற்பதற்கு வேண்டியவை.

அடுத்து, ஓடுவதற்கு வேண்டியவை.

கடைசியாக, பார்ப்பதற்கு வேண்டியவை.

"பெயின்ட்டு எங்க வருது?" என்று அப்பா கேட்டார்.

"மூணாவதுல."

"ஆள் சாகக் கெடந்தாலும் மொகம் கழுவி விடுவாங்க புள்ள. நீ அதக்கூட செய்ய மாட்ட."

"சாகாம இருக்கத்தான்பா மொதல்ல பிரேக்கு."

ஓடுவதற்கு வேண்டியதில் பெரிய வேலை மின்சாரம். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, இந்தியச் சின்னக் கார் ஒன்றின் ஆல்டர்னேட்டரை மாட்டினேன். இந்தக் காரில் பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதைத் திருப்பிப் போடாமல் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் அந்த நிமிடமே கருகிவிடும். திருப்பிப் போட்டேன். பனிமூட்டத்துக்கு நல்ல விளக்குகள் போட்டேன். டிரைவர் காலுக்குக் கீழே தரை துருப்பிடித்து, ரோடு தெரிந்தது. அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டியவர் நிமல் அய்யா. ஹட்டன் போகும் வழியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பேசும் தமிழில் சிங்களம் கொஞ்சம் கலந்திருக்கும்; தங்கச்சி என்பதை நங்கி என்பார்.

"நங்கி, இந்தத் தகடு காருக்குப் பொறவும் இருக்கும். கார் போவும், இது போவாது," என்றார். அது அவருடைய உத்தரவாதம்.

நிற்பதற்கு வேண்டியதில் முக்கியமானது சர்வோ. பெயர் பெரிதாக இருந்தாலும் அது ஒரு வட்டமான தகர உருளைதான். எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும் அல்லவா, அந்த இழுப்பை வாங்கி, கால் கொடுக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஓரிடத்தில், பிரேக் குழாயின் நடுவில் இணைக்கக்கூடிய வகையில் ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்த ரப்பர்களை எல்லாம் மாற்றி, இணைத்துக் கொடுத்தேன். டொக்டரிடம் காலைக் காட்டினோம். வாகனப் பரிசோதகரிடம் காரைக் காட்டினோம். இரண்டு பேரும் ஓட்டலாம் என்றார்கள்.

அப்பா கொட்டகையில் வைத்து எஞ்சினை இயக்கி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"பஞ்சு மெத்தையில கால வச்ச மாதிரி இருக்கு, இஞ்சினியரம்மா," என்றார்.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் நோர்வூட் போனோம். அப்பாதான் ஓட்டினார். டவுனுக்குள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று நின்று போனோம். பிரேக் ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை. பாண் வாங்கினோம். திரும்பினோம். கோயில் முடக்கு வந்தது.

மூன்றாவது வளைவு

"நிக்கல," என்று அப்பா சொன்னதும் நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கை முழுதாக இழுத்தேன். பின் டயர்கள் சரளையில் வழுக்கின. அப்பா ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் மழைத்தண்ணி ஓடும் ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது, பம்பர் மண்ணில் குத்தியது, கார் நின்றது. பாண் பை முன்னால் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள்.

"என்னா ராசு அண்ணே, கான் வெட்டுற வேலைக்கு வந்துட்டீங்களா? பேர் போட்டாச்சா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அப்பா திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று பம்பரில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டார். மிச்சத் தூரத்தைக் கைப்பிரேக்கை வைத்து நான் இறக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அப்பா குடிக்காமல் வைத்திருந்தார்.

"கொழும்புக்காரருக்கு போன் போடு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லு."

"என்னாங்க, ஒரு தடவ ஆனதுக்கா?" என்றாள் அம்மா.

"கால் இல்லடி எனக்கு. டவுன்ல பூரா மிதிச்சேன்ல, அதுலயே தீந்துபோச்சு. கடைசியா வேணுங்கிற நேரத்துல கால் வரல. இன்னைக்கு இவ பக்கத்துல இருந்தா. நாளைக்கு பின்னால ஒரு பச்சப்புள்ள இருந்தா?"

அம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் காருக்குப் போய் போனட்டைத் திறந்தேன். குழாய் ஒழுகவில்லை. எண்ணெய் குறையவில்லை. சர்வோவின் காற்றுக்குழாய் கழன்றிருக்கவில்லை. எஞ்சினை இயக்கி மிதித்துப் பார்த்தேன். பஞ்சு மெத்தைதான்.

பிறகு நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதல் வளைவில் நன்றாகப் பிடித்தது. இரண்டாவதில் அரைகுறை. மூன்றாவதில் பிடிக்கவில்லை. களைத்த கால் என்றால் டவுனிலேயே தெரிந்திருக்கும். பக்கத்து சீட்டுக்குக் கீழே அந்தப் பாண் பை கிடந்தது. அதை எடுத்தபோது சரசரவென்று சத்தம் கேட்டது. இறக்கத்தில் கேட்ட அதே சத்தம்.

எஞ்சின் ஓடும் ஒரு மொரிஸ் மைனருக்குள் பாண் பையின் சத்தம் யாருக்கும் கேட்காது.

அப்பா எஞ்சினை அணைத்திருந்தார். எஞ்சின் அணைந்தால் காற்றிழுப்பு இல்லை. உருளைக்குள் மிச்சமிருக்கும் இழுப்பு ஒன்று, இரண்டு மிதிக்குத்தான் வரும். அதன்பிறகு பிரேக் பழைய பிரேக். முழங்கால் மட்டும் பழைய முழங்கால் இல்லை.

அவர் சாவியைத் திருப்பியது என் கண் முன்னால்தான் நடந்தது. சர்வோவை மாட்டியவள் நான்தான். ஆனாலும் அந்த இடத்தில் எஞ்சின் அணைவது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. நான் அந்த ரோட்டில் வளர்ந்தவள். அங்கே அணைக்காமல் போயிருந்தால்தான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

அம்மாவின் கால்

காலையில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நான் எங்க அணைச்சேன்?"

"அணைச்சீங்கப்பா."

"ஓடுற வண்டிய எவனாவது அணைப்பானா? எனக்காகக் கத கட்டாத."

அவர் பொய் சொல்லவில்லை. கை செய்தது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் மிதித்துக் காட்டினால் அவர் ஏற்கமாட்டார். மகள் எதை வேண்டுமானாலும் நடிப்பாள் என்பார். அதனால் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நானா? போடி. அதுல முன்னுக்கு குந்துனதே கெடையாது. அங்கிட்டு இங்கிட்டு ஓடிரப்போகுது."

"சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேம்மா. ஓடாது."

அம்மா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவது போல ஏறினாள். அம்மா மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய ஆள். ஓய்வு பெற்றபிறகும் எங்கள் வீட்டில் அவள் கால்தான் உறுதியான கால். அப்பாவுக்கும் அது தெரியும்.

எஞ்சினை இயக்கினேன். "மிதிங்கம்மா."

மிதித்தாள். "என்னா இது, வெண்ணெய் மாதிரி போகுது."

சாவியைத் திருப்பி அணைத்தேன். "இப்ப மிதிங்க. திரும்ப. இன்னொருக்கா."

மூன்றாவது மிதியில் அம்மாவின் முகம் மாறியது. சீட்டைப் பிடித்துக்கொண்டு எக்கி மிதித்தாள். பெடல் கீழே போகவே இல்லை.

"அடியே, கல்லுடி இது!" என்றாள். பிறகு ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். "என்னாங்க, அப்ப எனக்கும் முட்டி போயிருச்சா?"

அப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் காலைப் பார்த்தார்.

"கோயில்கிட்டயா அணைச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோயில்கிட்டதான்பா."

"ஆமா," என்றார். "அங்க அணைப்போம்ல."

கைக்குச் சொல்வது

செய்யக்கூடியவற்றை அவரிடம் சொன்னேன். காற்றிழுப்பைச் சேர்த்து வைக்க ஒரு சின்ன டாங்க் போடலாம். அதனால் இன்னும் சில மிதிகள் கிடைக்கும். அதற்குமேல் நம்ப முடியாது. மின்சாரத்தில் ஓடும் பம்ப் போடலாம். நம் கைக்கு எட்டாத விலை. அணைக்காமல் ஓட்டினால் எதுவுமே வேண்டாம்.

"அணைக்க மாட்டேன்னு நான் சொல்லிருவேன்," என்றார் அப்பா. "சொல்றது வாய்தானே. அணைக்கிறது கை. நேத்து அது என்னக் கேட்டா அணைச்சிச்சு?"

ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினார். விரல்கள் தடவாமல், தேடாமல் நேராகச் சாவியில் போய் நின்றன. கண்ணைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சாவிய இங்கருந்து எடு. கைக்குத் தெரியாத எடமா பாத்து வை."

"டேஷ் போர்டுல மாத்துனா அவர் வாங்க மாட்டாருப்பா."

"தெரியும்."

"அப்பறம் விக்கணும்னு நெனச்சாலும்..."

"புள்ள, அதனாலதான் மாத்தச் சொல்றேன்."

சாவியை ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், கதவோரமாகத் துளை போட்டு மாற்றினேன். துளை போடும்போது அப்பா வெளியே போய் நின்றார். டாங்கையும் போட்டேன். நடுவில் பழைய இடத்தில் இருந்த ஓட்டைக்கு நிமல் அய்யா ஒரு வட்டத் தகடு கடைந்து கொடுத்தார்.

"மேல என்ன வெட்டணும், நங்கி? பூ? பேரு?"

"ஒன்னும் வேணாம் அய்யா. வழவழன்னு இருந்தா போதும்."

கொழும்புக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். டேஷ் போர்டில் துளை போட்டுவிட்டோம் என்றேன். "ஐயோ, சும்மா கெடுத்துட்டீங்களேம்மா," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அந்தக் கார் அப்படியே இருக்க வேண்டும்; எங்களுக்கு ஓட வேண்டும்.

அதன்பிறகு நான் வீட்டுக்கு வந்த வாரங்களில் எல்லாம் அந்த இறக்கத்தில் நாங்கள் இறங்கினோம். வெறும் காரோடு, வேறு யாரையும் ஏற்றாமல். நான் கைப்பிரேக்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறையும் அதை இழுக்கவில்லை. பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. கதவு ஒரு நிறம், மட்கார்டு ஒரு நிறமாகத்தான் ஓடுகிறது.

பக்கத்து லயத்துச் சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அவள் வீட்டில் வந்து கேட்டார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பின் சீட்டில் கம்பளியை விரித்தோம். சுகந்தியும் அவள் மாமியாரும் பிள்ளையோடு ஏறினார்கள். கண்ணாடிகளை ஏற்றினோம். மேடு ஏறும்போது பனி இறங்கியிருந்தது. புது விளக்குகள் ரோட்டை நன்றாகக் காட்டின.

கோயில் முடக்கு வந்தது.

அப்பாவின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. நேராகப் பழைய இடத்துக்குப் போனது. விரல்கள் அந்த வட்டத் தகட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தன. வழுக்கின. ஒரு கணம் கை அங்கேயே நின்றது. பிறகு அதே கை நெஞ்சுக்குப் போய், ஒருமுறை தொட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

எஞ்சின் இரைச்சலோடு முனியாண்டியைத் தாண்டினோம்.

"என்னா மாமா, சாமிகிட்ட இப்படிச் சத்தமா போறீங்க?" என்றாள் சுகந்தி.

"புது ஆளு வந்துருக்குல்ல," என்றார் அப்பா. "சொல்லிட்டுப் போறேன்."

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவதில் அவர் மிதித்தபோது தோள்கள் எழும்பவில்லை. பின் சீட்டில் ஏதாவது பை உரசியிருந்தால், அது எனக்குக் கேட்கவில்லை.